மறதியும் கதிர்வீச்சும்

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை என்றாலே வாய் வெந்து போவதும் உமிழ்நீர் வற்றுவதுமே நம் நினைவுக்கு வரும். அந்த நினைவுக்கே ஊறு நேரக்கூடும் என்பதை என் பெரியப்பாவின் நோய்தான் எனக்குக் கற்பித்தது.

செங்கல்பட்டுப் பகுதிப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவர் அவர். அபிராமி அந்தாதியின் நூறு பாடல்களையும் ஏடு பாராமல் சொல்லுவார். மூக்கின் பின்புறம், தொண்டையின் உச்சியில் புற்று கண்டது. கத்தி எளிதில் எட்டாத இடம் அது. கதிர்வீச்சே அங்கு முதன்மைச் சிகிச்சை. வாரத்துக்கு ஐந்து நாள், நாளொன்றுக்கு 2 கிரே, ஏழு வாரங்களில் 70 கிரே. புற்று கரைந்தது. நாங்களும் நிம்மதியடைந்தோம்.

மூன்றாம் ஆண்டில் அவர் மந்தமானார். சொன்னதையே மீண்டும் சொன்னார். "வயசாயிடுச்சில்ல" என்றார் பெரியம்மா. மாமல்லபுரத்து உறவினர் ஒருவரோ கல்பாக்கம் அணுமின் நிலையத்தைக் காரணம் காட்டினார். எங்கள் கடற்கரையில் கதிர்வீச்சு என்ற சொல்லுக்கு அந்த ஒரு பொருள்தான்!

உண்மைக் காரணம் உடலமைப்பில் இருந்தது. அந்தப் புற்றுக்கும் மூளையின் பொட்டுப்பகுதி மடல்களுக்கும் இடையே இருப்பது மண்டையோட்டின் அடித்தளம் மட்டுமே. புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் அம்மடல்களின் உட்புறத்தில் உள்ளது. அவ்வழியே பாயும் கதிர், நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நரம்பிழைகளின் உறையையும் மெல்லச் சிதைக்கலாம். விளைவு தெரிய மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். சிலருக்குத் திசுவே மடிந்துபோவதுண்டு. கழுத்தில் படும் கதிரால் தைராய்டு சுரப்பு குன்றினாலும் அறிவு மந்தப்படும்.

பெரியப்பாவுக்கு இரண்டும் நேர்ந்திருந்தன. இரத்தப் பரிசோதனையில் தைராய்டுக் குறைவு தெரிந்தது. மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் சோம்பல் நீங்கியது. எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்த மூளைச் சிதைவுக்கு அப்படியொரு எளிய மருந்து இல்லை. நேற்று நான் வந்து போனது இன்று அவருக்கு நினைவில்லை. ஆனால் இளமையில் மனனம் செய்த அந்தாதி இருக்கிறது. ஒரு பாடலின் முடிவே அடுத்ததன் தொடக்கமாவது அந்தாதி. எங்கேனும் நின்றுவிட்டால், பெரியம்மா அந்த ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கிறார்; அவர் தொடர்கிறார்.

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் உருவான 1954-இல் நோயாளி உயிர் பிழைப்பதே பெருஞ்செய்தியாக இருந்திருக்கும். இன்று பிழைத்தோர் பலர் நம்மிடையே வாழ்கிறார்கள். கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றி, மூளையில் படும் அளவைக் குறைக்கும் முறைகளும் வந்துவிட்டன. எல்லோருக்கும் இப்பாதிப்பு வருவதில்லை. இதற்கு அஞ்சிச் சிகிச்சையைத் தவிர்ப்பது உயிருக்கே கேடு.

நான் வேண்டுவது ஒன்றுதான். கழுத்திலோ தலையிலோ கதிர்வீச்சுப் பெற்ற ஒருவர் ஆண்டுகள் கழித்து மறக்கத் தொடங்கினால், அதை முதுமையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பழைய சிகிச்சைச் சீட்டுகளுடன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மீட்கக்கூடிய ஒரு பகுதி அதில் இருக்கலாம்.