சுண்ணாம்புச் சுவரும் எங்கள் மேஸ்திரியும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த பெரியவர்கள், பழைய வீட்டைப் பழுது பார்ப்பதைப் பற்றி ஏனோ வாயே திறக்கவில்லை. புது வீட்டுக்காவது ஒரு பிளான் உண்டு. பழைய வீட்டில் எதைத் தொட்டால் எது பெயர்ந்து வரும் என்பது தொட்ட பிறகுதான் தெரியும்!

எங்கள் வீடு புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வாழ்ந்த பகுதியில் இருக்கிறது. வாசலில் திண்ணை, உள்ளே முற்றம், தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம். இரண்டு மழைக்காலமாகச் சமையலறைச் சுவரில் ஓதம் ஏறி, இடுப்பு உயரத்துக்குக் காரை பொரிந்து உதிர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கும் என் சின்னப் பையனுக்கு மூக்கடைப்பும் இருமலும் விடவில்லை. "மருந்து நான் தர்றேன், ஈரச் சுவரை நீங்க பாருங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதலில் வந்த காண்ட்ராக்டர் ஐந்தே நிமிஷத்தில் தீர்ப்பு சொன்னார். "மொத்தத்தையும் கொத்திட்டு சிமென்ட் பூசிடலாம்மா. திண்ணையை எடுத்துட்டா காரும் நிக்கும்." எங்கள் வீட்டில் கார் இல்லை. திண்ணையில் என் மாமியார் இருக்கிறார். தினமும் மாலையில் அங்கே உட்கார்ந்துதான் கீரை ஆய்வார், தெருவில் போகிறவர்களிடம் பேசுவார்.

பக்கத்து வீட்டில் சிமென்ட் பூசிய கதையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் வருஷம் பளபளவென்று இருந்தது. அடுத்த மழைக்குச் செங்கல்லின் சதையோடு பாளம் பாளமாக விழுந்தது. பழைய செங்கல் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. போக்கிடம் இல்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். கடலோர ஊரில் உப்புக்கு என்ன பஞ்சம்?

எங்களவரும் நானும் ஒரு நாள் வைசியாள் வீதிக்குப் போய் நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தோம். இன்டாக் அமைப்பு முன்நின்று பழைய வீட்டு முகப்புகளைச் சீர்செய்த தெரு அது. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் கிடைத்தது. திரும்பும்போது அவர், "மேரி கட்டடம் ஞாபகம் இருக்கா?" என்றார். பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம், பழுது பார்க்காமல் கிடந்து, 2014 நவம்பர் அடைமழையில் சரிந்தது. பழைய சாயலிலேயே திரும்பக் கட்டி, 2021-இல்தான் திறந்தார்கள். சர்க்காராவது திரும்பக் கட்டும், நாம் எங்கே போவது?

விசாரித்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான மேஸ்திரி ஒருவரைப் பிடித்தோம். வந்தவர் சுவரைத் தொடவில்லை, முற்றத்து ஜலதாரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குந்திப் பார்த்தார். தண்ணீர் பாதிதான் வெளியே போயிற்று. "இத அடைக்காம சுவத்துல என்ன பூசினாலும் தண்டம்மா" என்றார். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

நம்பிக்கை வேறு, கணக்கு வேறு. சாமான் எங்களுடையது, கூலி மட்டும் காண்ட்ராக்ட் என்று பேசினோம். மொத்தமாக விட்டால் மிச்சம் பிடிக்க ஆசை வருவது மனித சுபாவம். பையனின் பழைய நோட்டில் ஜலதாரை, காரை கொத்துவது, முதல் பூச்சு, மேல் பூச்சு என்று ஒவ்வொன்றாக எழுதி, எது முடிந்தால் எவ்வளவு பணம் என்பதையும் எழுதினேன். "படிச்ச அம்மா" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சுண்ணாம்பு வேலை அவசரத்துக்கு ஆகாது. நீற்றி ஊறவைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். குழந்தைகளைக் கொல்லைப் பக்கமே விடாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நடுவில் நாலு நாள் மேஸ்திரி ஆளையே காணோம், வேறு எங்கோ தளம் போடப் போய்விட்டார். அஞ்சாம் நாள் வந்தவர், சுண்ணாம்பு இன்னும் பதமாகவில்லை என்று சிமென்ட்டைக் குழைத்துப் பின்சுவரில் பூச ஆரம்பித்தார். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

"மேஸ்திரி, நிறுத்துங்க. நோட்டுல சிமென்ட் இல்லையே?"

"ரெண்டு ஆளும் ஒரு சித்தாளும் சும்மா நிக்குதே, கூலி யாரும்மா தர்றது?"

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்தச் சித்தாள் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவள். அன்றைய கூலியில் பாதி நாங்கள், பாதி அவர் என்று பேசி முடித்தோம். பூசினதைக் காய்வதற்குள் வழித்து எடுத்தார்கள். அன்று மாலை வரை மேஸ்திரி என்னோடு பேசவில்லை. மாமியார்தான் திண்ணைக்குக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, அவர் பேத்தி கல்யாணம் வரைக்கும் விசாரித்துச் சமாதானப்படுத்தினார்.

ஒரு மழைக்காலம் போய்விட்டது. காரை உதிரவில்லை. பையன் இருமலும் குறைந்திருக்கிறது. அடுப்புக்குப் பின்னால் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரத் திட்டு இன்னும் இருக்கிறது. மேஸ்திரி வந்து தடவிப் பார்த்து, "பழைய ஈரம், இந்தக் கோடையில காயும்மா" என்கிறார். நோட்டில் கடைசித் தவணையை இன்னும் அடிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.