வயரின் வழியே ஒரு விசாரணை

சென்னையில் மோட்டார் உபகரணங்களுக்குப் பேர்போன ஜெனரல் பேட்டர்ஸ் சாலையையும், பழைய உதிரிபாகங்களுக்குப் பிரசித்தமான புதுப்பேட்டையையும் அறியாத வாகனக்காரர் அரிது. அவ்வட்டாரத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவருடைய சிறு பட்டறையில், அவர் தொழில் செய்யும் முறையை அருகிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

அன்று வந்த காரொன்றில், ரிவர்ஸ் கியர் போட்டதும் பின்புறக் காட்சி தோன்ற வேண்டிய திரையில் நீலநிறம் மட்டுமே பரவி நின்றது. "ஸ்க்ரீன் போயிடுச்சு, புதுசு மாத்திடுங்க" என்றார் காருக்குரியவர். "மாத்துறது எப்ப வேணா மாத்தலாம் சார், முதல்ல பார்த்துடுவோம்" என்று சொல்லிவிட்டு, உதவியாளப் பையனை உள்ளே உட்கார்த்தி, தாம் பின்னால் போய் நின்றார் எலக்ட்ரீஷியன்.

ரிவர்ஸ் கியர் விழும்போது கியர் பெட்டியிலுள்ள சுவிட்சு இணைந்து 12 வோல்ட் மின்சாரம் பின்விளக்கை அடைகிறது. வெளியே வாங்கிப் பொருத்திய கேமராவும் பெரும்பாலும் அவ்விளக்கின் வயரிலிருந்தே உயிர்பெற, திரைக்குரிய சைகையும் அங்கிருந்தே தனியொரு வயரில் போகிறது. விளக்கு எரிந்தது, ஆகவே ஃபியூஸிலும் சுவிட்சிலும் குறையில்லை. திரை நீலமாக மாறியது. ஆகவே சைகையும் வந்துசேர்ந்தது. மாற்றுக் கேமரா ஒன்றைத் திரையின் பின்புறத்தில் நேராகச் செருகி, பேட்டரியிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுத்ததும் தெளிவான படம் விழுந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட திரை நிரபராதி என்பது இவ்வாறு நிரூபணமாயிற்று.

அடுத்து அவர் செய்ததுதான் இத்தொழிலின் சூட்சுமம். கேமராவின் முனையில் மல்டிமீட்டரை வைத்தபோது அது 12 வோல்ட்டைக் குறைவின்றிக் காட்டியது. அத்துடன் திருப்தியடையாமல் டெஸ்ட் லாம்பைக் கொடுத்தார். அது மங்கலாக எரிந்தது. மீட்டர் மிகச் சொற்ப மின்சாரத்தையே இழுப்பதால், அறுந்துகொண்டிருக்கும் வயர்கூட அதன்முன் முழுமையானதுபோல் நடிக்கும்; பாரம் ஏற்றினால்தான் அதன் பலவீனம் வெளிப்படும். உடனே டிக்கிக் கதவின் கீலருகே உள்ள ரப்பர் குழாயை உருவினார். கதவைத் திறந்து மூடுந்தோறும் வளைந்து வளைந்து, மேலுறை சேதமின்றியிருக்க, உள்ளே செப்பிழைகள் பலவும் அறுந்து, எஞ்சியவை பச்சைக் களிம்பேறிக் கிடந்தன.

அறுந்த இடத்திலேயே முடிச்சுப் போட்டிருந்தால் வேலை விரைவில் முடிந்திருக்கும். ஆனால் வளையும் இடத்தில் வைத்த இணைப்பு மீண்டும் முறியும் என்பதால், அப்பகுதி முழுவதற்கும் புது வயர் இழுத்து, வளைவுக்கு அப்பால் இருபுறமும் ஈயம் பற்றவைத்து உறையிட்டார்.

இச்சிரத்தை வீண் சிரத்தையன்று. அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டு, பின்னோக்கி வந்த காரில் அகப்பட்டு இறந்த கேமரன் குல்பிரான்சன் என்னும் இரண்டு வயதுக் குழந்தையின் பெயரால் 2008-இல் சட்டம் பிறந்து, 2018 மே மாதம் முதல் புதிய கார்களிலெல்லாம் இக்கேமரா கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்குப் பின்புற சென்சார் கட்டாயம். எந்தச் சட்டமாயினும், அதன் பயன் கடைசியில் இத்தகைய பட்டறைகளின் நேர்மையைச் சார்ந்தே நிற்கிறது.

புதுத் திரை விற்றிருந்தால் அவருக்கு லாபம் அதிகம். வாங்கியவருக்கோ பழுது அப்படியே இருந்திருக்கும். ஒரு முழ வயருக்கு இவ்வளவு கூலியா என்று பேரம் பேசும் நாம், அவ்வயரைக் கண்டுபிடித்த அறிவுக்கே அக்கூலி உரியது என்பதை உணர்ந்து, முகங்கோணாமல் கொடுப்பதே நியாயம்.