ஹீ-மேனுக்கு ஒரு மார்பு

தங்கை மகனுக்கு ஹீ-மேன் வேடம் வேண்டுமாம். பெங்களூர் ஒயிட்ஃபீல்ட் கேடிபிஓ அரங்கில் காமிக் கான் நடக்கும்போது போட்டுக்கொண்டு போகப் போகிறான். பையன் ஒல்லி. ஹீ-மேனோ சட்டையே போடாதவன். சூப்பர்மேன் என்றால் நீலத் துணிக்குள் எதையும் மறைத்துவிடலாம். இவனுக்குத் தோலையே தைக்க வேண்டும்.

*

ஹீ-மேன், 1983இல் ஃபில்மேஷன் எடுத்த கார்ட்டூன் தொடர். நம் ஊரில் தூர்தர்ஷனில் பார்த்தோம். படத்தை நிறுத்திப் பார்த்தால் மார்பில் இரண்டு கோடு, வயிற்றில் சில கோடு, அவ்வளவுதான். ஒரே அசைவைப் பல இடங்களில் திரும்பப் பயன்படுத்திச் செலவைக் குறைத்த நிறுவனம் அது. அந்தக் கோடுகளை அப்படியே ஃபோமில் வெட்டினால் கவசம் மாதிரிதான் இருக்கும். அகன்ற தோள், சிறுத்த இடை எல்லாம் கார்ட்டூனிலிருந்து வரட்டும். தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மட்டும் மனித உடம்பிடம்தான் கேட்க வேண்டும். 1987இல் வந்த படத்தில் டால்ஃப் லண்ட்கிரென் சொந்த உடம்போடு நடித்தார். பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்தப் படங்கள் உதவும்.

*

அந்த உடம்பை நேரில் பார்க்க, பழைய பேட்டைப் பகுதியில் இன்னும் சில கரடி மனைகள் இருக்கின்றன. மல்யுத்தக் கூடத்துக்குக் கன்னடத்தில் அந்தப் பெயர். கரகத் திருவிழாவில் வாளேந்தி வரும் வீரகுமாரர்கள் பயிற்சி எடுப்பதும் இத்தகைய இடங்களில்தான். செம்மண் குழியில் பிடி போடுகிறவர்களைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வயிற்றுக் கட்டு இல்லை. காதுக்குக் கீழிருந்து தோள்முனை வரை சரிந்து இறங்கும் அந்தத் திமில் போன்ற தசை. தசை உடுப்பு செய்கிற பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பெரிய உடம்பின் மேல் சின்னத் தலையைச் செருகி வைத்ததுபோல் தெரிகிறது.

*

மார்பு: இரண்டு தட்டுகளை ஒட்டுவது பெரும் தவறு. மார்புத் தசை விசிறியாக விரிந்து, குவிந்து, தோள் தசைக்கு அடியில் நுழைந்து மேற்கை எலும்பில் போய்ப் பிடிக்கிறது. ஆகவே முதலில் மார்பு, அதன் மேல் தோள். வரிசை மாறக் கூடாது.

கை: எல்லோரும் பைசெப்ஸை ஊத வைக்கிறார்கள். மேற்கையின் பருமனில் பெரும்பங்கு பின்புறமுள்ள ட்ரைசெப்ஸுடையது. பின்னால் கனம் சேர்த்தால் முன்பக்கம் தானாக நம்பும்படி ஆகிவிடும்.

இடுப்பைக் குறைக்க வழியில்லை. அக்குளுக்குக் கீழே முதுகுத் தசையை அகலமாக்கினால் இடுப்பு ஒடுங்கித் தெரியும்.

*

ஃபோமுக்கு ஜே.சி. ரோடு. கார் சீட் தைப்பவர்களுக்கு ஃபோமின் குணம் தெரியும். நாற்பது டென்சிட்டி உட்காருவதற்கு நல்லது; உடம்பில் கட்டினால் விறைத்து நிற்கும். முப்பத்திரண்டோ அதற்குக் கீழோ போதும். பழைய டி-ஷர்ட்டை அவனுக்கு மாட்டி, மேலே டேப் சுற்றி, முதுகில் கீறி எடுத்துப் பஞ்சடைத்தால் அவன் அளவுக்கே பொம்மை தயார். அதன் மேல் லைக்ராவைப் போட்டுத்தான் ஃபோமை ஒட்ட வேண்டும்.

ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்த வேண்டும். மொட்டை மாடியில் செய்வது நல்லது. அந்த நெடியை மூடிய அறையில் சுவாசிக்கக் கூடாது. முக்கியமானது இதுதான்: ஃபோமின் அடிப்பக்கம் முழுக்கப் பசை பூசினால் லைக்ராவின் இழுவை செத்துப்போகும். தசையின் இரண்டு நுனிகளை மட்டும் பிடிக்க வைத்தால், கை மடங்கும்போது நடுப்பகுதி திரண்டு எழும். நிஜத் தசையும் இரண்டு முனையில் பிடித்துக்கொண்டு நடுவில்தான் வேலை செய்கிறது. ஒட்டி முடித்த உடுப்பில் கை மடங்கி அது எழுவதைப் பார்க்கிறபோது வரும் சந்தோஷம் தனி.

*

மேல் தோல் நான்கு பக்கமும் இழுபடும் லைக்ரா. பொம்மையில் மாட்டி, இழுபட்ட நிலையில்தான் சாயம் தெளிக்க வேண்டும். தளர்ந்த துணியில் பூசினால் போட்டதும் வெடிப்பு விடும். தையல்களை மறைக்க ஹீ-மேனின் மார்புப் பட்டை, மணிக்கட்டுக் காப்பு, இடுப்புப் பட்டை எல்லாமே இருக்கின்றன. இந்தப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்ததில் பையனுக்கு நல்ல அதிர்ஷ்டம்.

*

1989 பேட்மேன் உடையில் மைக்கேல் கீட்டனால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. திரும்ப வேண்டுமென்றால் உடம்போடு திரும்பினார். நம் பையன் நாள் முழுக்க நடப்பான், படமெடுக்க நிற்பான், சாப்பிடுவான். பெங்களூர் குளிர்ச்சியான ஊர்தான். ஆனால் ஃபோம் உடல் சூட்டை வெளியே விடாது, அரங்கில் கூட்டமும் நெருக்கும். எஸ்.பி. ரோட்டில் ஐந்து வோல்ட் சின்ன விசிறி வாங்கி, பவர் பேங்கில் இணைத்து முதுகுப் பள்ளத்தில் வைக்கலாம். ஜிப் பின்னால்தான், ஆனால் அவனே இழுக்க நீளமான நாடா வேண்டும்.

*

தொடை பாக்கி. ரோம ஜட்டிக்கும் ரோம பூட்ஸுக்கும் நடுவே தெரிவது அவ்வளவுதான். முழங்காலுக்குச் சற்று மேலே உட்பக்கம் துளி வடிவில் தொங்கும் தசையை மட்டும் சரியாகக் கொண்டுவந்தால் போதும். முழங்காலின் பின்னால் ஃபோமே வேண்டாம். மெட்ரோ பர்ப்பிள் லைனில் படி ஏறி இறங்க வேண்டும் அவன்.