எலியும் எங்கள் விதைநெல்லும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது பழமொழி. இதைச் சொன்னவர் வீட்டில் எலித்தொல்லை இருந்திருக்காது என்பது என் துணிபு. எலி எங்கே தனி வளையில் வாழ்கிறது? நம் வீட்டையல்லவா தன் வளையாக்கிக் கொள்கிறது! படைமாட்சி அதிகாரத்தில், எலிகள் கடல்போல் திரண்டு ஒலித்தாலும் நாகம் மூச்சு விட்டால் அழிந்து போகும் என்கிறார் வள்ளுவர். உண்மைதான். ஆனால் நாகம் வளர்க்கும் வசதி எங்கள் வீட்டில் இல்லை.

விலங்கியல் மாணவன் என்ற முறையில் பகைவனின் பலத்தையும் கூறிவிட வேண்டும். சுண்டெலி ஏறத்தாழ 20 நாள் கருச் சுமந்து, ஐந்தாறு குட்டிகளை ஈனும். அக்குட்டிகள் ஆறேழு வாரங்களில் தாமே குட்டி போடும் பருவத்தை அடைந்துவிடும். முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வதால் எதையாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பென்சில் நுழையும் இடுக்கு இருந்தால் உடலும் நுழைந்துவிடும். இத்தகைய குடும்பம் விருந்துக்கு வந்தால் வீடு என்னாகும்?

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கு அருகில் உள்ளது. 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜா புயல் எங்கள் ஓட்டுவீட்டின் பாதி ஓடுகளைக் கொண்டுபோனது. மேலே தார்ப்பாய் கட்டிக் காலம் தள்ளினோம். மனிதர் நுழையக் கதவு ஒன்றுதான். எலிகள் நுழைய நூறு வழிகள் திறந்தன. அரிசிப் பானை, பருப்பு டப்பா, அம்மாவின் கூறைப்புடவை என ஒன்றும் தப்பவில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்ட அப்பாவால் ஒன்றை மட்டும் பொறுக்க முடியவில்லை. அது விதைநெல்.

அந்த ஆண்டு நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் அப்பா இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா வாங்கி வந்திருந்தார். விலை கிடையாது. அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே முறை. புயலில் சாய்ந்ததுபோக, தை மாதத்தில் தேறியது சொற்பம். இதற்கிடையில் டிசம்பர் 6ஆம் நாள் ஜெயராமனும் மறைந்தார். “கொடுத்தவர் போய்விட்டார் என்றால் கடனும் போய்விடுமா?” என்று அப்பா அடிக்கடி சொல்வார். ஒருநாள் காலை விதைச்சாக்கின் அடியில் உமி குவிந்து கிடந்தது. அன்று அவர் காலை உணவே உண்ணவில்லை.

போர் தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பூனையை அழைத்து வந்தோம். அது பால் குடித்தது. அடுப்படியில் படுத்து உறங்கியது. பொறியில் மசால்வடை வைத்தோம். முதல்நாள் ஒன்று சிக்கியது. “பிள்ளையார் வாகனம், கொல்லாதேடா!” என்று அப்பாயி கூற, அதை வாய்க்கால் கரையில் விட்டு வந்தேன். மறுநாள் முதல் வடையின் மணத்தில் எங்களுக்குத்தான் நாவூறியது. எலி திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா சந்தைக்குப் போய் எலிப்பசை வாங்கி வந்தார். அதில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் மனிதரின் கல்லீரலைச் சிதைக்கும், முறிமருந்து கிடையாது. அப்போது அக்காளின் குழந்தை வீடெல்லாம் தவழ்ந்துகொண்டிருந்தது. அம்மா வாசற்படியிலேயே மறித்துக்கொண்டார். “எலி செத்தால் நெல் மிஞ்சும். பிள்ளை கையில் இது பட்டால் நமக்கு என்ன மிஞ்சும்?” அப்பா பதில் பேசவில்லை. வந்த வழியே திரும்பிச் சென்று கடையில் கொடுத்துவிட்டு வந்தார்.

அன்று மாலை அப்பாயி பரணிலிருந்து பழைய உறியை எடுக்கச் சொன்னார். விதைநெல்லை நன்கு காயவைத்து, வேப்பிலையுடன் பானையிலிட்டு, உத்தரத்திலிருந்து தொங்கவிட்டோம். உறிக்கயிற்றின் நடுவே ஓட்டையான அலுமினியத் தாம்பாளம் ஒன்றைக் கோத்துக் கட்டினார் அப்பாயி. கயிற்றில் இறங்கும் எலி தாம்பாளத்தில் வழுக்கிக் கீழே விழும். துறைமுகத்தில் கப்பலின் கயிறுகளில் எலி ஏறாதபடி வட்டத்தகடு மாட்டும் வழக்கம் உண்டு என்று பின்னாளில் படித்தபோது வியந்தேன். கப்பலையே காணாத அப்பாயிக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அடுத்து வந்த நாட்களில் அப்பா சுவர் ஓட்டைகளைக் கண்ணாடிச்சில் கலந்த சிமெண்டால் அடைத்தார். கதவின் அடியில் தகரம் அடித்தார். அம்மா இரவில் ஒரு பருக்கையும் சிந்திக் கிடக்காமல் கூட்டினார். உண்ண ஒன்றுமில்லாத வீட்டில் எலிகளுக்கு என்ன வேலை? மெல்ல மெல்லக் குறைந்து போயின.

அடுத்த நெல் திருவிழாவில் அப்பா நான்கு கிலோ மாப்பிள்ளைச் சம்பாவை அளந்து கொடுத்தார். உடன் சென்ற எனக்கு அப்போது ஒன்பதாம் வகுப்பு முடிந்திருந்தது. மிஞ்சிய விதை எங்கள் வயலுக்குப் போயிற்று. பகைவனைத் தேடி அலைந்தபோது கிடைக்காத வெற்றி, நம் வீட்டு ஓட்டையை அடைத்தபோது கிடைத்தது. எலிக்கு மட்டுமா இது பொருந்தும்? நண்பர்களே, எண்ணிப் பாருங்கள்!