யார்க்கர் விளைந்த ஊர்

ஐ.பி.எல். ஏலம் நெருங்கினால் போதும், ‘அடுத்த நட்சத்திரம் யார்?’ என்று ஆளாளுக்குப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பட்டியல்காரர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய ஊர், சேலம் மாவட்டம் தாரமங்கலம் பக்கத்தில் இருக்கும் சின்னப்பம்பட்டி.

தறித் தொழிலாளியின் மகன் நடராஜன் இங்கே டென்னிஸ் பந்தில் விளையாடி வளர்ந்தவர். 2015-ல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமான வேகத்திலேயே, பந்து வீசும் முறை சரியில்லை என்று புகார் எழுந்தது. ‘அவ்வளவுதான், முடிந்தது’ என்று நினைக்க வைத்த நேரம். அவரோ முறையைத் திருத்திக்கொண்டு, 2016 டி.என்.பி.எல். போட்டியில் திண்டுக்கல் அணிக்காக யார்க்கர்களாக இறக்கினார். அடுத்த ஆண்டு ஏலத்தில் அவரது அடிப்படை விலை 10 லட்சம். போனதோ 3 கோடி!

2021 ஜனவரியில் ஆஸ்திரேலியத் தொடர் முடிந்து திரும்பியவரை, சாரட் வண்டியில் ஏற்றி ஊர்வலமாக அழைத்து வந்தது ஊர்.

பெரியசாமியும் இதே ஊர்தான். ஒரு கண்ணில் பார்வைக் குறைபாடு. ஆனாலும் 2019 டி.என்.பி.எல். இறுதிப் போட்டியில் 15 ரன் மட்டுமே கொடுத்து 5 விக்கெட் சாய்த்து, சேப்பாக்கம் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தார்.

2023-ல் நடராஜன் இங்கேயே ஒரு மைதானத்தைத் திறந்தார். சேலம் பக்கம் போனால் ஓர் எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத பையன் ஒருவன் அங்கே பந்தோடு ஓடி வந்துகொண்டிருக்கலாம்.