காட்டுக் கோடும் 7 பேர்ச் காணியும்

கிளிநொச்சியில் விடியற்காலை பஸ் ஏறி, கண்டியில் மாறி, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டன் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. அங்கிருந்து டிக்கோயா சில மைல் தூரம்தான். மாசி மாதம் என்பதால் சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்களால் பஸ் நிறைந்திருந்தது. எனக்கு இது யாத்திரை அல்ல. சின்னம்மா கூப்பிட்டிருந்தார். “ஒரு பிளேன் பேப்பர் குடுத்திருக்காங்க புள்ள. ஒன்னும் வௌங்கல. நீ வந்து பாத்துச் சொல்லு” என்று தொலைபேசியில் சொன்னார்.

எனது அம்மா பிறந்தது டிக்கோயாவில். 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர், எத்தனையோ மலையகக் குடும்பங்களைப் போல அம்மாவும் அப்பாவும் வவுனியாவுக்கு வந்து, பின்னர் கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். அம்மாவின் தங்கை மட்டும் தோட்டத்திலேயே இருந்துவிட்டார். அம்மா சாகும்வரை டிக்கோயா பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். குளிர், கொழுந்து, அட்டை, பிரட்டுக்களம், அதோடு “காட்டுக் கோடு”. சிறு வயதில் அது என்னவென்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலையில் லயத்து வாசலில் நின்றதும் விளங்கிவிட்டது. எதிரே மலை முழுவதும் வெட்டி விட்டாற்போல் தேயிலை. ஓர் உயரம் வரை அப்படியே ஏறிச் செல்கிறது. அதற்குமேல் தேயிலை இல்லை. யாரோ நூல் பிடித்ததைப் போல ஒரு கோடு, கோட்டுக்கு மேலே கருமையான காடு. கீழே காசல்ரீ நீர்த்தேக்கம், அதன் கரையோரம் 1878 இல் கட்டிய வார்லி தேவாலயம். “அதான் உங்கம்மா சொன்ன கோடு” என்றார் சின்னம்மா.

இந்தக் கோடு இயற்கையாக வந்ததல்ல. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. ஆனால் மலைநாட்டுக் காணியின் தலைவிதியை மாற்றியது 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆகும். காடாகவும் தரிசாகவும் கிடக்கும் காணிகள், யாராவது தமது உரிமையை நிரூபித்தாலன்றி, முடிக்கே சொந்தம் என்று அது சொல்லியது. எழுத்தில் உறுதி இல்லாத கிராமத்து மக்கள் எதைக் காட்டி நிரூபிப்பது? அப்படி முடிக்குச் சொந்தமாகிய காடுகள் அளக்கப்பட்டு, கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. டிக்கோயா என்றால் சிங்களத்தில் நீண்ட ஓடை என்று பொருள். இந்தப் பள்ளத்தாக்கு 1860 களில் கோப்பிக்காகத் திறக்கப்பட்டது. காட்டை வெட்டியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாக வந்த எமது முன்னோர்.

மரம் வெட்டிய வேகத்தில் மண் கரைந்தது, ஊற்றுகள் வற்றுமோ என்ற பயமும் வந்தது. 1873 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காப் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே உள்ள காடுகளை அழிக்கக்கூடாது என்று ஆலோசனை சொன்னார். அரசாங்கமும் அதனை ஏற்றுக்கொண்டது. 5,000 அடி என்றால் ஏறத்தாழ 1,524 மீற்றர். எல்லா மலைகளிலும் கோடு சரியாக அந்த உயரத்தில்தான் நிற்கிறது என்று எண்ணவேண்டாம். நுவரெலியாப் பக்கம் 6,000 அடிக்கு மேலும் தேயிலை உண்டு. ஆனாலும் கோப்பி நோயில் அழிந்து, தேயிலை வந்த பிறகும், சிவனொளிபாத மலையைச் சுற்றிய காடு தப்பியது. 1940 இல் அது சரணாலயமாக்கப்பட்டது. 2010 இல் ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைகளோடு சேர்த்து யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் இந்த மலைகளில் பிறந்து களனி கங்கையாகிக் கொழும்புக்குப் போகின்றன.

அந்தக் காலத்தில் காணி அளக்க இரும்புச் சங்கிலி பாவித்தார்கள். ஒரு சங்கிலி 66 அடி நீளம், 100 கண்ணிகள். 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஏக்கரில் 160 பேர்ச். இன்றைக்கும் எமது உறுதிகளில் உள்ள கணக்கு இதுதான். வரைபடத்தில் அளந்த துரையின் கையெழுத்து இருக்கும். அட்டைக்கடியோடு சங்கிலியைச் சுமந்தவர்களின் பெயர் இருக்காது.

இதெல்லாம் புத்தகக் கதை. சின்னம்மாவிடம் வேறு கதை இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. என்னைக் கோட்டுக்கே கூட்டிப் போனார். இரண்டு மணித்தியாலம் ஏறினோம். தேயிலை முடியும் இடத்தில் ஒரு பெரிய மரம், அதன் கீழே மஞ்சள் பூசிய ஒரு கல், ஒரு சிறு சூலம். சின்னம்மா செருப்பைக் கழற்றிக் கற்பூரம் ஏற்றினார்.

“முனி. எல்லையில நிக்கிறாரு. எங்கம்மா சொல்லும், முன்ன வெள்ளக்காரத் தொர மல உச்சி வரைக்கும் அளக்க வந்தானாம். இந்த எடத்துக்கு வந்ததும் சங்கிலி நகரலையாம். பத்து ஆளு இழுத்தும் வரலையாம். மேல பாத்தா முனி ஒரு முனையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாராம். ‘ஒனக்குத் தேயில வேணும், எம்புள்ளைங்களுக்குத் தண்ணி வேணும், இதோட நிப்பாட்டு’ன்னாராம். தொர அங்கனயே கல்ல நட்டுட்டு எறங்கிட்டான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. அந்த மரத்தடியிலிருந்து ஒரு பீலித்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சின்னம்மா இருக்கும் லயத்துக்குக் குடிதண்ணீர் அதிலிருந்துதான் வருகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஐயனாரும் கருப்பனும் எல்லையில் நின்று ஊரைக் காப்பார்கள். அந்த நம்பிக்கையைக் கையோடு கொண்டுவந்த மக்கள், மலையில் ரோதை சுற்றும் இடத்துக்கு ரோதமுனி, கவ்வாத்து வெட்டுக்குக் கவ்வாத்துச்சாமி என்று தமக்கென்று தெய்வங்களை உண்டாக்கிக்கொண்டார்கள். கணக்கும் சட்டமும் தெரிந்தவர்கள் போட்ட கோட்டுக்கும் ஒரு காவலை வைத்துவிட்டார்கள். தண்ணீருக்காகக் காடு நிற்கவேண்டும் என்பதில் ஹூக்கரும் முனியும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பிளேனைப் பார்த்தோம். நான்கு தலைமுறையாக இந்தக் குடும்பம் ஒரு காம்பரா, ஓர் இஸ்தோப்போடு வாழ்ந்தது. அந்தக் காம்பராவும் தோட்டத்துக்குத்தான் சொந்தம். பின்னர் வந்த தனிவீட்டுத் திட்டங்கள் பலவற்றில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்று கொடுத்தார்கள். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. 7 பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,906 சதுர அடி. வடக்கில் நாங்கள் 10 பேர்ச்சை ஒரு பரப்பு என்போம். அப்படியென்றால் ஒரு பரப்பும் முழுதாக இல்லை.

பிளேனில் பரப்பளவு 0 – 0 – 7 என்று போட்டிருந்தது.

“ரெண்டு சைபர் போட்டிருக்காங்களே, ஒன்னும் இல்லேன்னு அர்த்தமா?” என்று சின்னம்மா கேட்டார். அவருக்கு அந்த இரண்டு சைபரும்தான் பல நாளாகத் தூக்கத்தைக் கெடுத்திருக்கின்றன.

“இல்லைச் சின்னம்மா. முதலாவது ஏக்கர், ரெண்டாவது ரூட், மூண்டாவது பேர்ச். ஏக்கரும் இல்லை, ரூட்டும் இல்லை, 7 பேர்ச் இருக்கு” என்றேன். துண்டு இலக்கத்தையும், வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு எல்லைகளில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் வாசித்துக் காட்டினேன். பிறகு அந்தக் கடதாசியோடு காணிக்கே போய், நான்கு மூலைக் கற்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம். உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. பிளேன் உறுதியாகாது, அதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்றும் சொன்னேன்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். பட்டுத்தான் தெரியும். 2010 இல் முகாமிலிருந்து திரும்பியபோது அம்மாவும் இல்லை, கணவரும் இல்லை. வேலியும் இல்லை. இடிந்த கிணறும் ஒரு வேப்பமரமும்தான் எங்கள் காணி என்று காட்டின. பக்கத்துக் காணிக்காரருக்கும் எனக்கும் ஆறடி நிலத்துக்காக வாய்த்தர்க்கம் வந்தது. ஓர் அலுவலகத்தில், “வீட்டில ஆம்பிளை இல்லையா, அவரை வரச் சொல்லுங்கோ” என்றார்கள். நான் அழுதுகொண்டு வெளியே வந்தேன். மறுநாள் திரும்பப் போனேன். கடைசியில் நில அளவையாளர் பழைய வரைபடத்தின்படி அளந்து ஓரிடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். ஒரு முழ ஆழத்தில் எல்லைக்கல் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவும் நானும் சேர்ந்துதான் மண்ணைத் தட்டினோம். இன்று அந்த வேலிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே கதியால் போடுகிறோம்.

ஆகையால் சகோதரிகளே, உங்கள் பெமிற்றையும் வரைபடத்தையும் போட்டோப் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். வரைபட இலக்கத்தையும் துண்டு இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கிணறு, மரம், மதகு போன்ற நிலையான அடையாளங்களிலிருந்து எல்லைக்கல் எத்தனை அடி என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாத பெமிற் காணிகளில் மகன்மாருக்கே முன்னுரிமை இருந்தது. 2022 இல் செய்த திருத்தத்தின் மூலம் அந்த வேறுபாடு நீக்கப்பட்டது. உங்கள் பெண் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். பின்னுரித்தாளர் பெயரைக் காலம் தாழ்த்தாமல் பதியுங்கள்.

திரும்பும் நாள் காலையில் சின்னம்மா பிளேனைப் பொலித்தீன் பையில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார். பிறகு தன் பேத்தியைக் கூப்பிட்டு, “மூனு நம்பர்ல எது நம்மது, சொல்லு பாப்பம்” என்றார். பத்து வயதுப் பிள்ளை யோசிக்காமல், “கடைசி, ஏழு” என்றது. சின்னம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பஸ்ஸில் இருந்து திரும்பிப் பார்த்தேன். பனி விலகி, மலையில் அந்தக் கோடு தெளிவாகத் தெரிந்தது. அம்மாவுக்கு அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை. அவருக்காகவும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.