வாடகைக் காரில் பொருநைக் கரையோரம்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் சாலை சுமார் 60 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் பாதி வழியைக் கடந்த சிறிது நேரத்தில், தாமிரபரணியின் தென்கரையில், ஆழ்வார்திருநகரி என்னும் சிற்றூர் தோன்றும். வயல்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் இடையே அதன் கோபுரம் கண்ணுக்குப் படும், படும்போதே மறையும். மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருநாளுக்கும் கடற்கரை உறவினர் வீட்டு மங்கல நிகழ்ச்சிகளுக்கும் செல்லும் நம் குடும்பங்கள் அவ்வூரை எத்தனையோ முறை கடந்திருக்கின்றன. இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

விடுமுறைக்காக வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பிள்ளைகள் வரும்போது, "ஒரு கார் வாடகைக்கு எடுத்து நம் பக்கத்து ஊர்களையெல்லாம் பார்த்து வருவோமே" என்ற பேச்சு வீடுகளில் எழுவதுண்டு. அவ்வாறு செல்ல விரும்புவோர்க்குப் பயன்படும் வகையில், ஆற்றங்கரையில் தொடங்கிக் கடற்கரையில் முடியும் ஒரு பயணத்தையும், அதற்குரிய வண்டியை அமர்த்தும் முறையையும் இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

கார் தேவைதானா?

ஆழ்வார்திருநகரியை மட்டும் காண்பதாயின் கார் தேவையே இல்லை. திருநெல்வேலி - திருச்செந்தூர் இருப்புப்பாதை 1923இல் திறக்கப்பட்டது. நம் தூத்துக்குடி மறைமாவட்டம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். அவ்வழியில் ஆழ்வார்திருநகரிக்கென ஒரு நிலையம் உண்டு. பேருந்துகளும் அடிக்கடி ஓடுகின்றன. ஊரோ சிறியது, நடந்தே முழுவதையும் பார்த்துவிடலாம்.

ஆனால் இவ்வூர் தனித்து நிற்பதன்று. நவதிருப்பதி எனப்படும் 9 திருமால் கோயில்களுள் இது ஒன்று. திருவைகுண்டம், நத்தம், திருப்புளியங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதியின் இரு கோயில்கள் ஆகிய 6 கோயில்கள் ஆற்றின் வடகரையில் உள்ளன. ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, திருக்கோளூர் ஆகிய 3 தென்கரையில் உள்ளன. ஆற்றை இப்புறமும் அப்புறமும் கடந்தாலன்றி இவ்வட்டாரத்தை முழுதாகக் காண இயலாது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அரசுப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்துகளை விடுகிறது. மற்ற நாள்களில் சிற்றூர்ப் பேருந்துக்குக் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும். முதியோரும் குழந்தைகளும் உடன் வருவார்களாயின், அன்றியும் அங்கிருந்து கடற்கரைப் பங்குகளுக்கும் செல்ல விருப்பமிருப்பின், வாடகைக் காரே தக்க வழி.

முன்னாளில் நம் ஊர்ப்புறத்துப் பெரியவர்கள் வாடகைக் காரைப் 'பிளஷர்' என்று அழைப்பர். கல்யாணத்துக்கும் பேறுகாலத்துக்கும் மட்டுமே வீட்டு வாசலுக்கு வந்த வண்டி அது. அக்காலத்து அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014இல் நின்றுபோயிற்று. இன்று வண்டிகளின் வகைகள் பெருகிவிட்டன. எனினும் பேச்சை முதலிலேயே தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும் என்னும் பழைய விதி மாறவில்லை.

அமர்த்தும் முறை

முதலாவதாக, வண்டியின் எண் பலகையைக் கவனியுங்கள். வாடகைக்கு ஓட்ட உரிமம் பெற்ற வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்குரியது. தெரிந்தவர் என்பதற்காகவோ, சில நூறு ரூபாய் குறையும் என்பதற்காகவோ வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு எடுப்பது சட்டத்துக்கு மாறானது. விபத்து நேருமாயின், வாடகைக்கு ஓட்டிய காரணத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. ஒரு குடும்பமே ஏறிச் செல்லும் வண்டியில் இது சிறிய செய்தியன்று.

இரண்டாவதாக, கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் வண்டி தன் ஷெட்டை விட்டுப் புறப்படுவது முதல் ஷெட்டுக்குத் திரும்புவது வரை கிலோமீட்டர் கணக்கிடப்படும். உங்கள் வாசலிலிருந்து அன்று. நாள் ஒன்றுக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று வரையறுத்திருப்பார்கள். குறைவாக ஓடினாலும் அத்தொகையைத் தரவேண்டும். ஓட்டுநர் பேட்டா, சுங்கச்சாவடிக் கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம் ஆகியவை வாடகையில் அடங்குமா, தனியா என்பதையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்வது நலம். புறப்படும்போது மீட்டரில் உள்ள எண்ணையும் ஓட்டுநர் முன்னிலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அது நம்பிக்கையின்மை அன்று. பிற்பாடு மனத்தாங்கல் வராமல் இருவரையும் காக்கும் ஏற்பாடு.

மூன்றாவதாக, வெளிநாட்டிலிருந்து வரும் இளைஞர்கள், "நாங்களே ஓட்டுகிறோம்" என்பார்கள். தாமே ஓட்டும் வாடகைக் கார்களும் இப்போது நகரங்களில் கிடைக்கின்றன. அவற்றுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. முன்பணம் எவ்வளவு, வண்டியில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்பவற்றை அறிந்தே கையெழுத்திட வேண்டும். ஆயினும் ஆடு மாடும், நெல் ஏற்றிய டிராக்டரும், வாழைத்தார் லாரியும் ஒருங்கே செல்லும் ஆற்றங்கரைச் சாலையில் உள்ளூர் ஓட்டுநரே மேல் என்பது எமது கருத்து. அவர் வழி அறிந்தவர். அதனினும் மேலாக, வழியில் உள்ள மனிதரை அறிந்தவர்.

ஆழ்வாரின் ஊரில்

கோயில்களில் நண்பகலில் நடை சாத்துவது வழக்கமாதலின், காலையிலேயே புறப்பட வேண்டும். ஆழ்வார்திருநகரியின் பழம்பெயர் குருகூர். நம்மாழ்வார் பிறந்த ஊர் இது. அவர் 9ஆம் நூற்றாண்டினர் என்று அறிஞர் பலர் கருதுவர். 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி அவர் அருளியது. பிறந்தது முதல் பேசாத குழந்தையாய் ஒரு புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் அமர்ந்திருந்தார் என்றும், அருகிலுள்ள திருக்கோளூரில் பிறந்த மதுரகவி என்பவர் வந்து வினவியபோதே வாய் திறந்தார் என்றும் வைணவ மரபு கூறும். மதுரகவி வயதில் மூத்தவர். எனினும் தம்மினும் இளையவரை ஆசானாக ஏற்றார். அப்புளியமரம் இன்றும் கோயிலினுள் போற்றப்படுகிறது.

நாம் பிற சமயத்தார் கோயிலுக்குச் செல்லும்போது கொடிமரத்தின் எல்லையை மதித்து நிற்பதே பண்பு. வைகாசியில் 9 கோயில்களின் பெருமாளும் கருட வாகனத்தில் இவ்வூரில் எழுந்தருளும் நாளில், தெருக்களில் கார் நுழைய இடமிராது. சாதாரண நாள்களிலும் வண்டியைச் சற்று வெளியே நிறுத்தி நடந்து செல்வதே நன்று. பழைய வீதிகள் தேருக்காக வகுக்கப்பட்டவை; வாசல்களில் அமர்ந்து பேசுவோரின் அமைதியை நம் ஹாரன் குலைக்க வேண்டாம்.

சென்ற ஆண்டு எம் குடும்பத்தார் சென்றபோது 80 வயது கடந்த பெரியம்மாவும் உடன் வந்தார். புன்னைக்காயலில் பிறந்தவர் அவர். சிறுமியாய் இருந்தபோது ரயில் சன்னல் வழியே இக்கோபுரத்தைப் பார்த்ததுண்டு என்றும், ஆயுள் முழுவதும் இறங்க வாய்க்கவில்லை என்றும் கூறினார். கோயில் வாசலில் நின்றிருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் புளியமரத்தின் கதையை அவருக்கு விரித்துரைத்தார். கேட்டு முடித்த பெரியம்மா, "பேசாதிருந்த பிள்ளையிடம் கேள்வி கேட்க ஒருவர் வரவேண்டியிருந்தது" என்று மட்டும் சொன்னார். வண்டியில் ஏறிய பின்னும் நெடுநேரம் அமைதியாயிருந்தார்.

ஆறு கடலைச் சேருமிடம்

பிற்பகல் பயணம் கடலை நோக்கியது. தென்திருப்பேரை, குரும்பூர் வழியாகத் திருச்செந்தூரை அடைந்து, தெற்கே திரும்பினால் கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற உடன்குடியும், அதற்கப்பால் மணப்பாடும் வரும். கடலை ஒட்டிய மணல் மேட்டில் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயமும், 1542இல் இக்கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்ததாகப் போற்றப்படும் குகையும் அங்கே உள்ளன. பின்னர் வடக்கே திரும்பி, வீரபாண்டியன்பட்டினம், காயல்பட்டினம், உப்பளங்கள் விரிந்த ஆறுமுகநேரி, வெற்றிலைக்குப் புகழ்பெற்ற ஆத்தூர் வழியே தூத்துக்குடிக்குச் செல்லலாம். தூத்துக்குடியில் பனிமய அன்னையின் பேராலயம் நம்மை வரவேற்கும். மணிலாவிலிருந்து 1555இல் அன்னையின் திருவுருவம் வந்ததாகக் கூறும் அவ்வாலயம், 1982இல் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தப்பெற்றது. இக்கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக 1961இல் நடைபெற்றது.

இவ்வழியில் பலரும் தவறவிடும் ஊர் புன்னைக்காயல். நெடுஞ்சாலையை விட்டு விலகிச் செல்ல வேண்டியிருப்பதால் கிலோமீட்டர் கணக்குப் பார்ப்போர் அதை ஒதுக்கிவிடுவர். பொதிகையில் பிறந்த தாமிரபரணி கடலோடு கலப்பது இங்கேதான். தமிழ் கற்று, தமிழில் எழுதிய அண்டிரிக் அடிகளார் வாழ்ந்து பணியாற்றிய ஊரும் இதுவே. அவர் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. தமிழ் எழுத்துகளைக் கொண்டு இந்திய மண்ணில் அச்சிடப்பட்ட முதல் நூல் அது. பாசுரம் பாடிய குருகூரும், அச்சுத் தமிழுக்கு வித்திட்டவர் வாழ்ந்த புன்னைக்காயலும் ஒரே ஆற்றின் கடைசி ஓட்டத்தில் அமைந்திருப்பதை, அவ்விரண்டிலும் ஒரே நாளில் நின்று பார்த்தவர்களே உணர முடியும்.

எம் திட்டத்தில் புன்னைக்காயல் இல்லை. பெரியம்மாவும் கேட்கவில்லை, பிறர்க்குச் செலவு வைக்கக் கூடாதென்று எண்ணும் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஆத்தூர் அருகே, "அந்தப் பக்கந்தான் எங்க ஊரு" என்று பேரனிடம் கையை மட்டும் நீட்டிக் காட்டினார். அதைக் கண்ணாடியில் கவனித்த ஓட்டுநர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பினார். ஆறும் கடலும் கலக்குமிடத்தில் பெரியம்மா அரைமணி நேரம் நின்றார். அவசரப்படுத்திய எம்மை ஓட்டுநர் தடுத்து, "ஆச்சி, நீங்க மெதுவா பாருங்க, வண்டி எங்கயும் போயிராது" என்றார். இறுதியில் கணக்குப் பார்க்கும்போது அந்தக் கிலோமீட்டர்களை அவர் சேர்க்கவில்லை. வற்புறுத்தியே கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த தவக்காலத்தில் பெரியம்மா இறைவனடி சேர்ந்தார்.

பருவமும் பாதையும்

காலம் அறிந்து புறப்படுவதும் இன்றியமையாதது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஆறு கரைபுரண்டு சாலைகளையும் இருப்புப்பாதையையும் அரித்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் திருவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் சிக்கிக்கொண்டது. தாமே வெள்ளத்தில் தவித்த அக்கம்பக்கத்து மக்கள் சமைத்துக் கொணர்ந்து அவர்களுக்கு உணவளித்தனர். மழை எச்சரிக்கை உள்ள நாளில் முன்பணம் போகிறதே என்று கருதிப் புறப்பட வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் இப்பயணத்துக்கு உகந்தவை.

நம்மவருள் சிலர் உரோமைத் திருப்பயணத்தோடு அசிசி போன்ற இத்தாலிய மலையூர்களுக்கும் செல்கின்றனர். அங்கே தாமே ஓட்டக் கார் எடுப்போர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டை இங்கிருந்தே பெற்றுச் செல்ல வேண்டும். அத்தகைய ஊர்கள் பலவற்றில் பழைய நகர்ப்பகுதிக்குள் வெளியார் வண்டி நுழையத் தடை உண்டு. நுழைந்தால் கேமரா எண்ணைப் பதிவு செய்யும். அபராதம் பல மாதங்கள் கழித்து வாடகை நிறுவனத்தின் வழியே வீடு தேடி வரும். மதிலுக்கு வெளியே வண்டியை விட்டு மேலே நடந்து ஏறுவதே அங்கும் வழக்கம். பழைய ஊர் எங்கிருந்தாலும் காலால் நடப்பவரையே அது விரும்பி ஏற்கும் போலும்.

வண்டி ஓட்டும் சகோதரர்

நிறைவாக ஒன்று. நாம் அறையெடுத்து உறங்கும் இரவுகளில் நம் ஓட்டுநர் எங்கே உறங்குகிறார்? பல இடங்களில் காரின் முன் இருக்கையைச் சாய்த்து, கொசுக்கடியில்தான். தங்கும் விடுதிகள் ஓட்டுநர்களுக்கென ஓய்விடம் அமைக்க வேண்டுமெனத் தமிழ்நாடு அரசு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தியது. விடுதியில் இடம் பேசும்போதே அவருக்கும் படுக்கை உண்டா என்று கேட்பது நம் கடமை. உறவினர் வீட்டில் நாம் இலை போட்டு உண்ணும்போது அவரையும் அழைத்து அமர்த்துங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டச் சொல்லாதீர்கள். தூக்கம் கெட்ட ஓட்டுநரின் கையில்தான் நம் பிள்ளைகளின் உயிர் இருக்கிறது என்பதனால் மட்டுமன்று. அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்பதனாலும்.

விரைவாகச் செல்வதற்கு ரயில் போதும். வாடகைக் காரின் பெரும்பயன், விரும்பிய இடத்தில் நிற்கலாம் என்பதே. ஆகவே திட்டம் வகுக்கும்போது, பார்க்கும் ஊர்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டாலும், அரைமணி நேரத்தை மிச்சம் வையுங்கள். உடன்வரும் முதியவரிடம், "உங்களுக்கு எங்கே போக ஆசை?" என்று புறப்படுமுன்பே கேளுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.